பத்து வருஷத்தில் எல்லாம் சமமாகிவிடுமா?

வெளிநாட்டில் குடியேறி நான்கு ஆண்டுகளான ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை, நாட்டின் பெயர் உட்பட, நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. சிவில் இன்ஜினியர். கட்டமைப்பு வடிவமைப்பில் ஒன்பது ஆண்டு அனுபவத்தோடு போனவர். கணவர் கணக்காளர். போன புதிதில் இருவர் படிப்பையும் யாரும் சீந்தவில்லை. “ஒருத்தர் சம்பாதிப்போம், ஒருத்தர் பரீட்சை எழுதுவோம்” என்று பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். சம்பாதிக்கும் பங்கு இவருக்கு வந்தது. முதலில் ஒரு கிடங்கில் பொருள் அடுக்கும் வேலை. பிறகு ஒரு கட்டுமான நிறுவனத்தில் வரைவாளர், அதாவது டிராஃப்ட்ஸ்மேன் வேலை. அந்த நிறுவனம் எடுத்துக் கொடுத்த விசாவில்தான் குடும்பமே இருந்தது. சென்ற ஆண்டு நிரந்தரமாக வசிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. கணவரும் தேர்வுகளை முடித்துத் தன் தொழிலிலேயே நல்ல வேலையில் அமர்ந்துவிட்டார். இவர் மட்டும் அதே நாற்காலியில்.

பெயருக்குத்தான் வரைவாளர். ஒன்றரை ஆண்டாக பீம், தூண் கணக்குகளை இவரே போடுகிறார். உரிமம் பெற்ற மூத்த பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். “என் வயதுள்ள உள்ளூர் இன்ஜினியர் நூறு வாங்கினால் நான் அறுபது வாங்குகிறேன்” என்கிறார். உறவினர் ஒருவர், “பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, தானாகவே அவர்களுக்குச் சமமாக வந்துவிடுவாய்” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அது உண்மையா? வேலையை விட்டு இரண்டு ஆண்டு முதுகலை படிக்கலாமா? சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டால் சிக்கல் வருமா? இந்த மூன்றையும் விரிவாகக் கேட்டுவிட்டு, ஏழு வயது மகளைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறார். பிறகு, கையெழுத்துக்குக் கீழே ஒரே வரி: “பேசாமல் திரும்பிவிடலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலேயே ஒரு பழைய ஆய்வைச் சொல்லியிருக்கிறார். பேரி சிஸ்விக் என்ற பொருளியலாளர் 1978-ல் வெளியிட்ட கட்டுரை அது. அமெரிக்காவின் 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, குடியேறியவர்களின் ஊதியத்தை அங்கேயே பிறந்தவர்களின் ஊதியத்தோடு ஒப்பிட்டார். வந்த புதிதில் 17 சதவீதம் குறைவு. ஏறத்தாழ 15 ஆண்டுக்குள் சமம். 30 ஆண்டு கழித்துப் பார்த்தால் உள்ளூர்க்காரர்களைவிட 11 சதவீதம் அதிகம். இந்த இதமான செய்தி கல்வி நிலையங்களைத் தாண்டி, குடியேறியவர்களின் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. இந்த ஆலோசனைப் பணிக்கு வந்த புதிதில் நானும் எல்லோருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிசகு இருந்தது. அது ஒரே நாளில் எடுத்த குழுப் புகைப்படம் போன்றது. இருபது ஆண்டுக்கு முன் வந்தவரும் இரண்டு ஆண்டுக்கு முன் வந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். பழையவர் அதிகம் சம்பாதிக்கிறார். அதைப் பார்த்து, புதியவரும் பதினெட்டு ஆண்டில் அப்படி ஆவார் என்று சொல்லிவிட முடியுமா? பழையவர் வந்த காலம் வேறு, அவர் கொண்டுவந்த படிப்பு வேறு, அப்போதிருந்த வேலைச் சந்தை வேறு. 1985-ல் ஜார்ஜ் போர்ஹாஸ் இதைத்தான் சுட்டிக்காட்டினார். 1970, 1980 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளையும் வைத்து, ஒரே காலத்தில் வந்த கூட்டத்தைப் பின்தொடர்ந்து பார்த்தபோது வளர்ச்சி அவ்வளவு வேகமாக இல்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. சரியாகச் சம்பாதிக்க முடியாத பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். பத்தாவது ஆண்டில் கணக்கெடுக்க வருபவர் கண்ணில் படுவது, தாக்குப்பிடித்து நின்றவர்கள் மட்டுமே. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு ஆவணங்களில் அதே ஆட்களின் வருமானத்தை ஆண்டாண்டாகத் தொடர்ந்து பார்த்த டேரன் லுபோட்ஸ்கி, 2007-ல் ஒரு விடை சொன்னார்: முதல் இருபது ஆண்டில் இடைவெளி 10 முதல் 15 சதவீதம்தான் குறைகிறது. கணக்கெடுப்புகளை அடுக்கிப் பார்த்தால் தெரியும் வேகத்தில் இது சுமார் பாதி.

சிஸ்விக் கணக்கிட்டது வெள்ளையின ஆண்களின் ஊதியத்தை என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் ஒரு பெண். உரிமம் தேவைப்படும் தொழிலில் இருப்பவர். வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் வாழ்பவர். அந்த வளைகோடு உங்கள் ஜாதகம் அல்ல.

இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்வதற்கு அல்ல. நீங்கள் கேட்டது “எத்தனை வருஷம்?” என்று. என் பதில், வருஷம் சம்பளத்தை உயர்த்துவதில்லை என்பதுதான். அந்த வருஷங்களுக்குள் நடக்கும் சில நகர்வுகள்தான் உயர்த்துகின்றன. அவை நடக்கவில்லை என்றால் பத்தென்ன, இருபது ஆண்டானாலும் இருக்கிற இடத்திலேயே இருப்பீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உள்ளூர்ப் பொறியாளரின் நூறு, ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்கிறது. உங்கள் அறுபது அதைப்போல இரு மடங்கு வேகத்தில், 4 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் எட்டிப்பிடிக்க 26 ஆண்டுகள் ஆகும். உங்களுக்கு 64 வயது ஆகியிருக்கும். அதே வளர்ச்சிதான், ஆனால் இப்போதே வரைவாளர் பதவியிலிருந்து பொறியாளர் பதவிக்கு மாறி, அறுபது எழுபத்தைந்தாகிவிட்டால் 15 ஆண்டு போதும். காத்திருப்பதைவிட ஒரு படி தாவுவது எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று பாருங்கள்.

நீங்கள் இறங்கிய பள்ளமும் உங்கள் தனிப்பட்ட தோல்வி இல்லை. சொந்த நாட்டில் கடைசியாகப் பார்த்த வேலை, புது நாட்டின் முதல் வேலை, சில ஆண்டு கழித்துப் பார்க்கும் வேலை என்று வரிசையாகக் குறித்தால், கீழே இறங்கி மேலே ஏறும் ஒரு கோடு கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. அப்படியே எடுத்துச் செல்ல முடியாத திறமை உள்ளவர்களுக்குப் பள்ளம் ஆழமாக இருக்கிறது. மொழியும் தொழில் விதிகளும் ஒத்துப்போகிற நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆழம் குறைவு. கணினித் துறையில் இருந்துவிட்டு நிறுவன மாற்றலில் வந்த உங்கள் தோழியோடு உங்களை ஒப்பிட்டு நொந்துகொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பள்ளத்தில் இறங்கவே இல்லை. பாலத்தில் வந்தவர். நிரல் எழுத யாரும் உரிமம் கேட்பதில்லை. ஒரு தூணின் கனத்தைத் தீர்மானிக்கக் கேட்பார்கள்.

கொண்டுபோன படிப்பு வீணாகிவிட்டதா?

“ஒன்பது வருஷ அனுபவத்தைக் குப்பையில் போட்ட மாதிரி இருக்கிறது” என்ற உங்கள் வரியை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1990-களில் முன்னாள் சோவியத் ஒன்றியத்திலிருந்து லட்சக்கணக்கானோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். அவர்களில் பொறியாளர்களும் மருத்துவர்களும் ஏராளம். வந்த புதிதில் அவர்களுடைய பழைய படிப்புக்குச் சந்தை ஏறக்குறைய எந்த விலையும் தரவில்லை. ஆண்டுகள் போகப் போக, மொழியும் தொழில் வழக்கமும் கைவந்த பிறகு, அதே படிப்புக்கு விலை ஏறத் தொடங்கியது. அதே இஸ்ரேலின் தரவுகளை வைத்து ரேச்சல் ஃப்ரீட்பெர்க் 2000-ல் எழுதிய கட்டுரையில், உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு முடிவு இருக்கிறது. புது நாட்டில் கொஞ்சம் படித்தால், அந்தப் படிப்புக்கான பலனோடு பழைய படிப்பின் மதிப்பும் சேர்ந்து உயர்கிறது. பூட்டிக் கிடக்கும் பெட்டிக்குச் சாவி செய்வது போல. சாவி செய்யப் பெட்டியின் அளவு இரும்பு தேவையில்லை என்பதுதான் முதுகலை பற்றிய என் கருத்து.

முதுகலையா, உரிமமா?

இரண்டு ஆண்டு வேலையை விட்டால், உங்கள் அளவுகோலிலேயே 120 போகும். கல்விக் கட்டணம் தனி. பட்டம் வாங்கி 85 என்ற நிலைக்கு வந்தாலும் ஆண்டுக்கு 25 தான் கூடுதல். இழந்த சம்பளத்தை மட்டும் மீட்கவே ஏறத்தாழ ஐந்து ஆண்டு. அந்த 85-ஐ உரிமத் தேர்வின் மூலம் வேலையில் இருந்தபடியே எட்ட முடியுமானால், முதுகலைக்குப் போவது காசைக் கொடுத்துக் காலத்தையும் இழப்பது. பல நாடுகளில் முதுகலை முடித்தவர்களும் அதே உரிமத் தேர்வைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. கல்லூரி விளம்பரங்கள் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

ஆகவே முதல் வேலை, பொறியாளர்களுக்கு உரிமம் தரும் அமைப்பிடம் உங்கள் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்புவது. நான்கு ஆண்டில் இதை ஒருமுறைகூடச் செய்யவில்லை என்று படித்தபோது கொஞ்சம் அதிர்ந்தேன். “எப்படியும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்” என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டீர்கள். பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்பதற்கு 1989-ல் ஏற்பட்ட வாஷிங்டன் உடன்படிக்கை இருக்கிறது. சிங்கப்பூர் 2006-லும், மலேசியா 2009-லும், இந்தியாவும் இலங்கையும் 2014-லும் அதில் முழு உறுப்பினராயின. இதில் இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். நீங்கள் படித்த நாடு உறுப்பினரான பிறகு முடித்த, அதன்படி அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் அது பொருந்தும். உங்கள் வயதைப் பார்த்தால் அதற்கு முன்பே பட்டம் வாங்கியிருக்கக் கூடும். அடுத்து, அது ஏற்பது பட்டத்தை மட்டுமே, உரிமம் தனி. இருந்தாலும், உடன்படிக்கைக்குள் வராத பட்டத்தை நிராகரித்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தனித்தனியாக மதிப்பிட்டு, இரண்டு மூன்று பாடம் எழுதச் சொல்வதே பொதுவான நடைமுறை. ஜெர்மனியில் 2012 முதல், வெளிநாட்டுத் தொழில் தகுதியை மதிப்பிடச் சொல்லிக் கேட்பதைச் சட்டமே உரிமையாக்கியிருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டில் இதன் பெயர் வேறாக இருக்கலாம், நடைமுறை இருக்கிறது.

இனி, உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகப் பிடித்த வரிக்கு வருகிறேன். “கணக்கை நான் போடுகிறேன், கையெழுத்தை அவர் போடுகிறார்.” நீங்கள் குறையாகச் சொன்ன இதுதான் உங்கள் கையிலிருக்கும் பெரிய சொத்து. பல நாடுகளின் உரிம விதிகள், உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்த பொறியியல் வேலையை அனுபவமாக எண்ணுகின்றன. பதவியின் பெயரைவிடச் செய்த வேலையின் தன்மையைத்தான் பார்க்கின்றன. எந்தத் திட்டம், என்ன கணக்கு, எந்தத் தரநெறி, யார் சரிபார்த்தார் என்று வாரந்தோறும் எழுதி வையுங்கள். ஒன்றரை ஆண்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. நிறுவனத்தின் வரைபடங்களையோ கோப்புகளையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை மீறியதாகி, நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் மாட்டிக்கொள்வீர்கள். குறிப்பு மட்டும் போதும்.

உள்நாட்டு அனுபவத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், அதற்கும் சான்று இருக்கிறது. கனடாவில் ஃபிலிப் ஓரியோபுலஸ் ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். வெளிநாட்டு அனுபவம் மட்டும் உள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு மிகக் குறைவு. உள்நாட்டு அனுபவம் சேர்ந்ததும் கூடியது. படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றதாகக் காட்டியபோதும், இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு ஆங்கிலப் பெயர்களைவிட அழைப்பு குறைந்தது என்பது அதன் கசப்பான பகுதி. உங்கள் பெயரைச் சுருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது உங்கள் விருப்பம். நான் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டத்தை மறைத்து விண்ணப்பிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கிடங்கு வேலைக்கு அது உதவியிருக்கலாம். இப்போது உங்களை வரைவாளராகவே பூட்டி வைப்பது அதுதான்.

சம்பளம் கேட்டால் என்ன ஆகும்?

நிறுவனம் விசாவை ரத்துசெய்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். சகோதரி, அந்த விசா சென்ற ஆண்டே முடிந்துவிட்டது. நிரந்தர அனுமதி பொதுவாக எந்த முதலாளியோடும் கட்டப்பட்டதல்ல. உங்கள் அனுமதிக் கடிதத்தில் வேறு நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கயிறு அறுந்த பிறகும் அதே வட்டத்தில் சுற்றுகிறோம் பலர். என்னிடம் வருகிறவர்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

உரிமை என்று பார்த்தால், சட்டப்படி குடியேறிய தொழிலாளியை ஊதியத்தில் உள்நாட்டுக் குடிமக்களைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 97-ஆம் உடன்படிக்கை 1949-லேயே சொல்லியிருக்கிறது. அதை ஏற்காத நாடுகளும் பல உண்டு. நீங்கள் நாட வேண்டியது உள்நாட்டுச் சம ஊதியச் சட்டத்தையும் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையும். ஆனால் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. உரிமம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் சம்பளம் வேறாக இருப்பது மட்டுமே சட்டமீறல் ஆகாது. அதே வேலையை, உரிமமில்லாத உள்ளூர்க்காரர் ஒருவர் அதிகச் சம்பளத்தில் செய்கிறாரா? அப்படி இருந்தால்தான் வழக்கு வலுக்கும். புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு, சில இடங்களில் சில மாதங்களே. ஆகவே அப்படி ஒருவர் இருந்தால் தொழிலாளர் வழக்கறிஞரை உடனே பாருங்கள்.

இல்லையென்றால் புகாரிலிருந்து தொடங்காதீர்கள். பதவிப் பெயரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ‘பயிற்சிப் பொறியாளர்’ என்று ஆனால்கூடப் போதும். அடுத்த நிறுவனம் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். அடுத்த நிறுவனம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஊதிய இடைவெளியில் ஒரு பகுதி, குடியேறியவர்கள் பொதுவாகவே குறைவாகச் சம்பளம் தரும் நிறுவனங்களில் சேர்ந்துவிடுவதால் வருகிறது என்பதைக் கனடாவின் நிறுவன, ஊழியர் தரவுகள் காட்டுகின்றன. ஆரம்பத்தில் கதவைத் திறந்த நிறுவனத்துக்கு நன்றி இருக்கட்டும். நன்றிக்காக நாற்பது சதவீதத்தை ஆண்டுதோறும் கழித்துக்கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் ஒரு கணக்கு

இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒருவர் கிடைத்த வேலையில் சேர்ந்து, மற்றவரின் படிப்புக்குப் பணம் கட்டுவதைப் பொருளியலில் குடும்ப முதலீடு என்பார்கள். 1997-ல் பேக்கர், பெஞ்சமின் இருவரும் கனடாவில் இதைப் பார்த்தார்கள். மனைவி வந்த உடனே முன்னேற்றமில்லாத வேலையில் சேர்கிறார். கணவர் தேறியதும் மெல்லப் பின்வாங்குகிறார். அமெரிக்கத் தரவுகளை வைத்து 2003-ல் வந்த ஆய்வு, அங்கே அப்படி இல்லை, இருவருமே காலப்போக்கில் உள்ளூர்க்காரர்களை நோக்கி நகர்கிறார்கள் என்றது. ஆக, இது இயற்கை விதி அல்ல, ஏற்பாடு. ஏற்பாட்டில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி நடந்துவிட்டது. இரண்டாவது பாதி எப்போது தொடங்கும் என்று இருவரும் பேசியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. உங்கள் கணவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் பரீட்சை எழுதிய மாதங்களில் மகளை யார் பார்த்துக்கொண்டது, வார இறுதி யாருக்குப் போனது என்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி, அதே பட்டியலைப் பெயர் மாற்றி அவரிடம் கொடுங்கள்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சிறுவயதில் வரும் குழந்தைக்கு மொழி தடையாவதில்லை. அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகள், அதே வருமான நிலையில் இருந்த உள்ளூர்க் குடும்பங்களின் பிள்ளைகளைவிட வேகமாக மேலேறியதை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான தரவுகள் காட்டுகின்றன. ஏறக்குறைய எந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் இது பொருந்துகிறது.

கடைசியாக, கையெழுத்துக்குக் கீழே எழுதிய அந்த வரி. திரும்புவது தோல்வி இல்லை. செய்வதானால் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணம் எத்தனை ஆண்டில் உரிமையாகிறது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் அது பொதுவாகப் பத்தாண்டு உழைப்பு. நீங்கள் இப்போது இருக்கும் நாட்டுக்கும் சொந்த நாட்டுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால் கட்டிய ஆண்டுகள் சேர்த்து எண்ணப்படலாம். நிரந்தர அனுமதி, வெளியே எத்தனை மாதம் இருந்தால் காலாவதியாகும் என்பதையும் பாருங்கள்.

ஆனால் மூன்று கேள்விக்கு இத்தனை பக்கம் எழுதிவிட்டு, இதற்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அது கேள்வியாகத் தெரியவில்லை, களைப்பாகத் தெரிகிறது. இந்த வாரம் பட்ட மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அந்த மூத்த பொறியாளரிடம், என் வேலையை அனுபவமாகச் சான்றளிப்பீர்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போதும் திரும்புவதுதான் கடிதத்தின் முதல் வரியாக இருந்தால், அதற்கான கணக்கை உட்கார்ந்து போடுவோம்.